அண்ணாவின் ஜெர்மன் காரும் சிசிலிச் சேறும்

அண்ணா ஜெர்மனியிலிருந்து சொந்தக் காரிலேயே சிசிலியின் பலெர்மோவுக்கு வந்து இறங்கினார். வந்தது என்னைப் பார்க்க அல்ல, ஏற்றிக்கொண்டு போக. தன் ஊரில் எனக்கு வீடு பார்த்திருந்தார், முதியோர் இல்லத்தில் வேலையும் சொல்லி வைத்திருந்தார். நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் நான் தனியாக இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குள் நுழைந்ததுமே, எந்தச் சாமானை ஏற்றுவது, எதை விடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக விருப்பமில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அண்ணா சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்தவள் நான்.

மூன்றாம் நாள், மலைப்பக்கக் கிராமங்களைப் பார்க்க வெளிக்கிட்டோம். பதினைந்து வருடமாகச் சிஞ்ஞோராமாரின் வீடுகளில் தரையைத் துடைத்துத் துடைத்து நான் படித்த இத்தாலியன் மேல் அவருக்கு நம்பிக்கையில்லை.

"நீ சும்மா இரு, நான் கதைக்கிறன்," என்றார்.

அவரிடம் ஆங்கிலம் இருந்தது, ஜெர்மன் இருந்தது, மொழிபெயர்க்கும் போன் இருந்தது. நானும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒரு கிழவர் ஒலிவ் மரத்துக்குக் கிளை நறுக்கிக்கொண்டு நின்றார். மேலே ஏறும் பாதையால் போகலாமா என்று அண்ணா போனை நீட்டிக் கேட்டார். கிழவர் பேசியது இத்தாலியன் இல்லை, சுத்தச் சிசிலியன். போன் ஏதோ ஆட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு அடங்கிவிட்டது. கிழவர் போனைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார், நாக்கால் 'ட்ச்' என்று ஒரு சத்தம் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து நாடியை மேலே தூக்கினார்.

"மேலை போகச் சொல்லுறார்," என்றார் அண்ணா.

சிசிலியில் நாடியைத் தூக்கினால் 'இல்லை' என்று அர்த்தம். பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காய் விலையைக் குறைக்கச் சொல்லி நான் தினமும் வாங்கும் பதில் அது. சொல்லியிருக்கலாம். சும்மா இருக்கச் சொன்னவருக்குச் சும்மா இருந்து காட்டுவதில் ஒரு தனிச் சுகம். மிஞ்சிப்போனால் திரும்பி வருவோம் என்று நினைத்தேன்.

ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் பாதையைக் காணவில்லை. மழைக்குச் சரிந்த மண் அதை மூடிக் கிடந்தது. காரைத் திருப்பப் போன அண்ணா, பின்சக்கரங்களைச் சேற்றில் இறக்கிவிட்டார். மிதிக்க மிதிக்கக் கார் புதைந்ததே தவிர அசையவில்லை. போனில் சிக்னலும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நான் நடந்துபோய்க் கிழவரை அவருடைய டிராக்டரோடு கூட்டிவந்தேன். அவர் பேசியதில் பாதிதான் எனக்கு விளங்கியது. மீதியைக் கைகள் பார்த்துக்கொண்டன. டிராக்டரில் கயிறு கட்டிக் காரை வெளியே இழுத்துப் போட்டவர், அண்ணாவுக்கு முன்னால் வந்து நின்று, நாடியை மூன்று தரம் தூக்கித் தூக்கிக் காட்டினார், முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிப்பிப்பதுபோல.

காரில் ஏறியதும் அண்ணா கேட்டார். "உனக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, அண்ணா." அத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன், வாய் நிற்கவில்லை. "ஜெர்மனிக்கு வாறியோ எண்டும் இன்னும் கேக்கேல்லை."

அவர் பகேரியா ஊரைத் தாண்டிப் பலெர்மோ பாதையில் காரை ஏற்றினார். பிறகு, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, வாறியோ?" என்றார்.

அண்ணா என்னிடம் ஒன்றைக் கேட்டுச் செய்ய நினைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ, "இல்லை, அண்ணா" என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது.