சாயம் ஏறிய நகங்கள்

குமரகுருவின் நகங்கள் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களின் கை அப்படித்தான். கொதிக்கும் தொட்டியில் நூல் சிட்டங்களைக் கோலில் மாட்டித் திருப்பித் திருப்பி முக்கியும், ஈரத்தோடு முறுக்கிப் பிழிந்தும் அவருடைய வலது தோள் கெட்டுப்போனது. டாக்டர் ஒருவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டு முடிந்த பிறகும் மாத்திரை முடியவில்லை. யாரோ ஒருவர் மூலமாக வந்துகொண்டே இருந்தது.

மனைவி சங்கீதா அதை மருந்து என்றே நம்பினாள். காலை டீயோடு அவளே எடுத்துக் கொடுப்பாள். மாத்திரை தாமதமானால் அவருக்கு வியர்க்கும், மூக்கு ஒழுகும், கால் உதறும். வேலை அலுப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் நெசவாளர் சங்கக் கூடத்தில் நர்ஸ் துர்காதேவி பேச வந்தார். இருவரும் போயிருந்தார்கள். நர்ஸ் கையில் வைத்திருந்தது குமரகுரு போடும் அதே மாத்திரை அட்டை.

"ஹெராயினும் இந்த மாதிரி வலி மாத்திரைங்களும் ஒரே குடும்பம்மா. டாக்டர் குடுத்ததாச்சேன்னு இருந்துடாதீங்க. நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு வாங்க. கொஞ்ச நாள் விட்டவரு திரும்ப பழைய அளவே போட்டா மூச்சு நின்னுடும். குறட்டை ஒரு மாதிரி வரும், நகம் நீலமாயிடும்."

பக்கத்து வீட்டு தேவேந்திரன் சாயம் ஏறிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "அப்ப எங்க தெருவுல எல்லாரும் போய்ச் சேர்ந்தவங்கதாம்மா!"

கூடமே சிரித்தது. குமரகுருவும் சிரித்தார்.

"அப்ப உதட்டைப் பாருங்கண்ணா. அதுக்கும் சாயம் போடறீங்களா?" என்றார் துர்காதேவி.

"கல்யாணத்துக்குப் போனா இவரு பொண்டாட்டி போடுவா!" என்று யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு.

சங்கீதா சிரிக்கவில்லை. ஒரே குடும்பம் என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்து, இருந்த மாத்திரைகளையெல்லாம் சாக்கடையில் கொட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாங்க?"

"வேணாம். வெளிய தெரிஞ்சா எவன் நம்பி நூல் குடுப்பான்? நானே விட்டுடறேன்."

அவளுக்கும் அதே பயம்தான். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் வாந்தி எடுத்தார், சுவரில் முட்டிக்கொண்டார், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. சில நாளில் தெளிந்து வேலைக்குக் கிளம்பியபோது, கண்டம் தாண்டிவிட்டது என்று அவள் காமாட்சியைக் கும்பிட்டாள்.

அன்று மத்தியானமே திரும்பி வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். குறட்டை வந்தது. பாவம், எத்தனை நாள் தூக்கம் என்று டிவியை அணைத்தாள். கட்டிலிலிருந்து தொங்கிய கையை எடுத்து மேலே வைத்தாள். நகம் நீலமாக இருந்தது. எப்போதும் போலத்தான்.

அடுப்படியில் இருந்தவளுக்குக் குறட்டையின் சத்தம் மாறியது கேட்டது. குழாயில் கடைசித் தண்ணீர் இறங்குவது போல ஒரு சத்தம். பிறகு நீண்ட அமைதி. மறுபடி ஒன்று. அப்போதுதான் சங்கக் கூடத்துச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் குனிந்து உதட்டைப் பார்த்தாள். கத்திரிப்பூ நிறம். சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க! ஏங்க! எழுந்திரிங்க! தேவேந்திரண்ணா, ஓடியாங்க!"

தேவேந்திரன் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கருவி, நகத்துச் சாயத்தால் எதையும் காட்டவில்லை. காது மடலில் மாட்டினார்கள். மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசி போட்டார்கள்.

குமரகுரு கண் திறந்தார். உடம்பெல்லாம் உதறியது.

"ஏன் எழுப்புன?"

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு வாங்கியா சங்கீதா. இல்லன்னா செத்துருவேன்."

"போட்டாத்தாங்க செத்துருவீங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசியின் வேகம் குறைந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம், கண்ணை எடுக்காமல் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகம் தெரியவில்லை. அவள் பக்கம் இருந்தது ஒரு கை மட்டும்தான்.

தேவேந்திரனை அனுப்பி ஜூஸ் கடையிலிருந்து எலுமிச்சைத் தோல் வாங்கி வரச் செய்தாள். அவருடைய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள். அடியில் இருக்கும் நிறம் தெரிந்தால் போதும்.

எத்தனை முறை அலசினாலும் போகாத சாயம் என்று ஊரில் அவருக்கு நல்ல பேர். அது போகவில்லை. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.