வாப்பாவின் இருமலை ஒளித்தோம்

எங்கள் வீட்டுக்குள் அந்த நோயைக் கொண்டுவந்தவர் என் அண்ணன், என் நானா. மூத்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை, அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கதவைத் திறந்து விட்டதே நான்தான்.

நானா கொழும்புக்கு மீன் லொறி ஓட்டுகிறவர். அங்கே சந்தையில் நோய் பரவியிருப்பதாக வானொலியில் சொன்ன மறுநாள் எங்கள் ஊர் கரைத்தீவுக்கு வந்து சேர்ந்தார். உம்மா வாசலிலேயே நிறுத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இருக்கா மகன்? இருமல்?"

"ஒண்டும் இல்ல உம்மா. கல்லு மாதிரி இருக்கிறன்."

பொய்யில்லை, அப்படித்தான் இருந்தார். எங்களுக்குத் தெரிந்த நோய்களெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தவை. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து ஓலைக் கொட்டில்களில் கிடந்த காலத்தில் வயிற்றோட்டம் வந்தது. யார் யாருக்கு என்று முகாமுக்கே தெரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தப்பினோம். டெங்கு வந்தபோது சிரட்டைகளைக் கவிழ்த்து நுளம்பை விரட்டினோம். சுகமாக இருக்கிறவர் சிரித்துக் கதைத்தபடியே நோயைத் தருவார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், விசர்க் கதை கதையாதீங்க என்று ஏசியிருப்பேன்.

மகன் வந்த சந்தோஷத்தில் உம்மா சஹன் வைத்தார். பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, முழங்கால் இடிபட ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். கடைக்குப் போகும்போது முகக்கவசம் போட்டோம், வந்ததும் கை கழுவினோம். சொந்த வீட்டுச் சஹனில் என்ன பயம்? வாப்பாவும் நானாவும் நேருக்கு நேர் இருந்து வாய்விட்டுச் சிரித்தார்கள்.

எங்களுக்கு மூக்கொழுகும் தடிமன் போல வந்து போனது. ஐந்தாம் நாள் வாப்பா இருமினார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய பிழை. அப்போது இந்த நோயில் மௌத்தானவர்களை, முஸ்லிம்களையும்கூட, அடக்க விடாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்தது. நோயை விட எங்களுக்கு அதுதான் பயம். வாப்பாவை உள்ளறையில் படுக்கவைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். நோயாளிகளைத் தேடி வரும் சுகாதார அதிகாரி, பீ.எச்.ஐ. மாத்தயா, படலையில் நின்று விசாரித்தபோது, "எல்லாரும் சுகம் சேர்" என்றேன். இருமல் வெளியே கேட்காதபடி உம்மா வானொலிச் சத்தத்தைக் கூட்டினார்.

இருமல் தொடங்கி மூன்றாம் நாள் காலையில் வாப்பா கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். மூச்சு முட்டவில்லை, நெஞ்சு நோகவில்லை என்றார். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. அல்லாஹ்வே, உள்ளே மூச்சுக் குறைவது அவருக்கே தெரியவில்லையே! நான் தொலைபேசியை எடுத்தேன். உம்மா என் கையைப் பிடித்தார்.

"அம்புலன்ஸ் வேணாம் மகள். கொண்டு போய் மௌத்தானா மையத்தையும் தரமாட்டாங்க."

"வெச்சிருந்தா இங்கயே போயிருவார் உம்மா!"

வாப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். "என்ன நெருப்புல போட மட்டும் விட்டுராத மகள்."

"ஓம் வாப்பா" என்றேன். யாரை நான் தடுக்க முடியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

உம்மாவின் கையை விலக்கி அம்புலன்ஸுக்கு அழைத்தேன். தலை முதல் கால் வரை கவச உடையால் மூடியவர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினெட்டு நாட்கள் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தி அழுதேன்.

வாப்பா பிழைத்து வந்தார். மெலிந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து, "உன்ட துஆதான் மகள்" என்று என் தலையைத் தடவினார். அந்தப் பதினெட்டு நாளும் நான் கேட்டது அவரை அடக்க ஒரு துண்டு மண்ணைத்தான். அவர் உயிரோடு திரும்ப வேண்டும் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.