புளி மண்டியிலிருந்து வந்த பாஸ்வேர்ட்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத காலம். ஆம்பூர் பக்கத்தில் எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கைத்தையல் சென்டர் நடத்தி வந்தேன். ஷூவின் மேல்பாகத் தோலை ஊசி நூலால் தைத்துக் கொடுக்கும் வேலை. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். ஆனால் என் சென்டரிலிருந்து போன சரக்கு தையல் சரியில்லை என்று ஒரு தடவையும் திரும்பி வந்ததில்லை. அதை எங்கே கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

வேலை கொடுத்தவர் சென்னை ஏஜென்ட். திடீரென்று ஒருநாள், "இனிமே போன்ல பேச்சு வேணாம்மா, எல்லாம் மெயில்தான்" என்றுவிட்டார். அந்தச் சமயத்தில் மூடிப்போன ஒரு கம்பெனியின் சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தோம். ப்ளஸ் டூ படித்த மருமகள் அதன்முன் உட்கார்ந்தாள்.

சரக்கு தயார் என்றால் ஏஜென்ட், தரம் பார்க்கிறவர், வண்டி அனுப்பும் ஆபீஸ் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மெயில் போக வேண்டும். அவர்கள் அட்ரஸையெல்லாம் காண்டாக்டில் சேர்த்து வைத்துவிட்டால் சுலபம். ஆனால் சேவ் என்று அழுத்தினால் போதும், சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒரு கட்டம் வந்து மறிக்கும். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்துப் பார்த்தாள். அதே கட்டம்தான். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு தடவையும் கையால் அடித்து அனுப்பியதில், ஒரு தடவை வண்டி ஆபீஸுக்கு மட்டும் மெயில் போகாமல் விட்டுப்போனது. வண்டி வரவில்லை. தைத்த சரக்கு மூட்டை மூட்டையாக வாசலில் கிடந்தது.

ஏஜென்ட் கத்தினார். "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேலைய பேர்ணாம்பட்டுக்கு மாத்திடுவேன்."

எங்கள் தெருவில் அந்தத் தையலை நம்பித்தான் பாதி அடுப்பு எரிந்தது. அடுத்த சரக்கு சனிக்கிழமை போக வேண்டும். அதற்குள் இதைச் சரி செய்யாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி, மருமகளையும் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன்.

"இன்னா ஆயா, மாவு மெஷினா? லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டர்ப்பா. மடியில வச்சிருக்கிற கொழந்தைக்கு டிக்கெட் போடுவியா நீ?"

பஸ்ஸே சிரித்தது. பெட்டிக்கு டிக்கெட் போடவில்லை.

வேலூரில் மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "மெஷின்ல கோளாறு இல்லம்மா. இந்த அட்ரஸ் புக்கு பழைய கம்பெனி கிளார்க் பேர்ல இருக்குது. நீங்க பாக்கலாம், புதுசா எழுத வுடாது. அவரு பாஸ்வேர்ட் வேணும். இல்லன்னா மொத்தத்தையும் அழிச்சிட்டு புதுசா போடணும்."

"அழிச்சா எங்களுக்கு வந்த மெயிலெல்லாம்?"

"போய்டும்."

ஏஜென்ட் அனுப்பிய அளவுகளெல்லாம் அதில்தான் இருந்தன. பெட்டியை மறுபடி புடவையில் சுற்றினேன்.

மூடிய கம்பெனி வாசலில் வாட்ச்மேன் மட்டும் மிச்சமிருந்தார். மருமகள் அந்த கிளார்க்கின் பேரைச் சொன்னதும், "அந்த பாயா? வாணியம்பாடி புளி மண்டில எடை போட்றாரு" என்றார். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து அவர் மண்டிக்குத் திரும்பும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிப்போனது.

"வேணாம்மா. எவ்ளோ வருஷம் அங்க ஒக்காந்தேன். ஒரு நாள் போனா கேட்டுல பூட்டு. அந்த மெஷின் மூஞ்சில முழிக்க எனக்குப் புடிக்கல."

"முழிக்க வேணாம் பாய். பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா மறந்துட்டேன்மா."

தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. "நீங்க வேலையப் பாருங்க, நான் இருக்கேன்" என்று ஒரு புளி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனைக்கு நாக்கு ஊறியதே தவிர மனிதர் அசையவில்லை. வெகுநேரம் கழித்து அவரே பக்கத்தில் வந்தார்.

"பொய் சொல்லலம்மா. வாயால சொல்லச் சொன்னா வரல. தெனம் கைதானே அடிச்சிது."

எனக்குச் சுருக்கென்றது. புதிதாய் வரும் பெண்கள், மூலையில் தையலை எப்படித் திருப்ப வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தோலைக் கையில் கொடுத்தால் கை தானாகத் திரும்பும். இந்த மனிதர் சொல்வது நிஜம்.

"அப்ப உங்க கைய மட்டும் இட்டுனு போறேன் பாய். நீங்க சும்மா கூட வாங்க."

அவர் சிரித்துவிட்டார். மண்டியில் சொல்லிக்கொண்டு கிளம்பி வந்தார்.

எங்கள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை. பிறகு அடித்தார். தப்பு. மறுபடி அடித்தார். தப்பு. மருமகள் என்னைப் பார்த்தாள்.

தையலையே முறைத்துப் பார்த்தால் எனக்கும் ஊசி தடுமாறும். அதனால் பேச்சுக் கொடுத்தேன். "அத வுடுங்க பாய். இந்த வருஷம் புளி இன்னா, இப்படி கறுத்துப் போய் வருது?"

"அத ஏன் கேக்குறீங்க! மழையில நனைஞ்சத காய வைக்காம மூட்டை கட்டிட்றானுங்க. அணைக்கட்டு பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வந்தான் பாருங்க, அவன..." என்று என் பக்கம் திரும்பிச் சண்டைக்கே வந்துவிட்டார். விரல்கள் தம் பாட்டுக்கு கீபோர்டில் ஓடின.

"அத்தை, தொறந்துடுச்சு!" என்று மருமகள் கத்தினாள்.

அட்ரஸ் புக்கை அவரே மருமகள் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். ஏஜென்ட் அட்ரஸை அடித்து அவள் சேவ் அழுத்தினாள். கட்டம் வரவில்லை. மற்றவர்களுடையதும் வரிசையாக ஏறிக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே மெயில் போனது. சனிக்கிழமை வண்டி வாசலில் வந்து நின்றது. வேலை பேர்ணாம்பட்டுக்குப் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கிளம்புவதற்கு முன், திரையில் இருந்த தம் பழைய கம்பெனி ஆட்களின் பேர்களை பாய் ஒவ்வொன்றாகப் படித்தார். "இதெல்லாம் இனிமே வேஸ்ட்டுமா, அழிச்சிடட்டா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் பாய். எங்களுக்கு இன்னா எடைஞ்சல்?" என்றேன். மண்டி போன் நம்பரைக் கேட்டு வாங்கி, அவர் பேரையும் அதே புக்கில் ஏற்றச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு டீ குடித்துப் போனார்.

அதற்கப்புறம் யாராவது என்னிடம் 'மறந்துவிட்டேன்' என்றால் பொய் என்று எடுத்தவுடனே நினைப்பதில்லை. வேலையை அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, புளி விலையோ மழையோ எதையாவது பேசிக்கொண்டிருக்கிறேன்.