ஜெராக்ஸ்காரி எழுதிய கடிதம்

ஜெராக்ஸ்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். "அஞ்சு காப்பின்னா அஞ்சுதான், கொசுறெல்லாம் கிடையாது" என்று கல்லூரிப் பசங்களை விரட்டுவாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்துக்கு மட்டும் மூன்று வருடமாக எத்தனை மனு நகலெடுத்தாலும் இலவசம். அவளுடைய ஏழு வயது மகள் சிட்டுவுக்கும் ஆட்டிசம்தான்.

சங்கம் என்று பெயரே தவிர, இவளையும் சேர்த்து மொத்தம் ஆறு அம்மாக்கள். தலைவியை எல்லோரும் அக்கா என்பார்கள். ஆறு பேரும் நடையாய் நடந்ததில் பக்கத்துப் பள்ளி ஒருவழியாக இறங்கி வந்தது. தனி உதவி ஆசிரியை போட்டுச் சேர்த்துக்கொள்கிறோம், பிள்ளையைப் பற்றி ஆளுக்கொரு கடிதம் கொடுங்கள் என்றார்கள்.

"நல்ல விதமா எழுதினா, உதவியே தேவையில்லைன்னு கழட்டி விட்டுடுவாங்க. இருக்கறதுலயே மோசமான நாளை எழுதுங்க" என்றாள் அக்கா.

சிட்டு நடுரோட்டில் உருண்டதையும், தூக்கப்போன தன் கையை ரத்தம் வரக் கடித்ததையும் ஜெராக்ஸ்காரி எழுதினாள். கடித்த இடத்தை அன்று சாயங்காலம் வரை சிட்டு ஊதிக்கொண்டே இருந்ததையும் எழுதியிருந்தாள். அந்த வரியை அக்கா அடித்துவிட்டாள். "இது இருந்தா காரியம் கெட்டுடும்மா."

"சரிக்கா" என்று வேறு தாளில் எழுதிக் கொடுத்தாள். அக்கா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

அடுத்த வாரம் பள்ளியின் ஜெராக்ஸ் மெஷின் படுத்துக்கொண்டது. பியூன் ஒரு ஃபைலோடு கடைக்கு வந்தார். "அஞ்சு செட் போடும்மா. டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

மேல் தாளில் முடிவே இருந்தது. இந்த வருடம் ஒரே இடம், எளிதாகச் சமாளிக்கக்கூடிய பிள்ளைக்கு. எதிரே அக்கா மகனின் பெயர். அடியில் ஆறு கடிதங்கள். ஐந்தில் கடி, அடி, அலறல். ஆறாவது அக்காவுடையது: 'சாதுவான பிள்ளை. யாருக்கும் தொந்தரவு தரமாட்டான்.' போன மாதம்தான் அந்தச் சாது இந்தக் கடையின் கண்ணாடியை உடைத்திருந்தான். "விடுங்கக்கா, பிள்ளைதானே" என்று சில்லுகளைக் கூட்டி அள்ளியவளே இவள்தான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதை அவள் குறை சொல்லவில்லை. மற்ற ஐந்து குஞ்சுகளையும் பெற்றவர்களை விட்டே அக்கா கொத்த வைத்தாளே, அதில்தான் வயிறு எரிந்தது. ஐந்து செட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஷட்டரை இழுத்து மூடி, நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"ஒரே சீட்டுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

அக்கா கதவைப் பிடித்தபடி தலை குனிந்தாள். "தெரியும். என் இடத்துல நீ இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்ப."

"பண்ணியிருப்பேனோ என்னவோ" என்றாள் ஜெராக்ஸ்காரி. "ஆனா உங்க பேச்சைக் கேட்டு, என் பிள்ளையைப் பத்தி நானே கோள் சொல்லிட்டு வந்திருக்கேன். நல்லவேளைக்கா, அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது."