மகளுக்குப் போடாத ஊசிகள்

மகளுக்கு ஒன்பது வயதில் முகம் உப்பியது. உடம்பு வைக்கிறதென்று நானும் மனைவியும் இரண்டு வாரம் சந்தோஷப்பட்டோம். கண் திறக்க முடியாமல் போனபோதுதான் கட்டுகஸ்தோட்டையில் பஸ் பிடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாட்பட்ட சிறுநீரக நோய் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடங்கினார்கள்.

கிளினிக் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். "உயிருள்ள கிருமியில செய்யிற ஊசியள் இப்ப போடக்கூடாது. மற்றதுகள் போடலாம்" என்றார். நாங்கள் "போடக்கூடாது" வரை கேட்டோம்.

நான் அரசாங்க அலுவலகமொன்றில் கிளார்க். மகள் ஏழாம் வகுப்புக்கு வந்தபோதும் மாத்திரை தொடர்ந்தது. பள்ளியில் ஏற்பு ஊசி, ஆணி குத்தினால் போடும் அதே ஊசி, போடும் நாள் வந்தது. என் பிள்ளைக்கு எந்த ஊசியும் வேண்டாமென்று பள்ளி அதிபருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பந்தி. 'வைத்திய ஆலோசனைப்படி' என்பது இரண்டு இடத்தில் வந்தது. இவ்வளவு பொறுப்பான தகப்பனைக் கண்டதில்லை என்று அதிபர் சொல்லியனுப்பினார். அதை அலுவலகத்திலும் சொன்னேன்.

அடுத்த மாதம் வகுப்பில் மகளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அம்மை கண்டது. மனைவி தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் ஆட்கள் அம்மை என்றால் வேப்பிலை தேடுவார்கள். அவள் தேடவில்லை. மகளைப் பள்ளிச் சட்டையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். செய்தி கேட்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

டொக்டர் ஊசி அட்டையைப் பார்த்தார்.

"ஏற்பு ஊசியும் போடேல்லையோ?"

"நீங்கதானே டொக்டர் ஊசி வேணாமுன்னு சொன்னீங்க" என்றேன்.

"எல்லாத்தையும் எண்டு நான் சொல்லேல்லை. மற்றப் பிள்ளையளை விட இவவுக்குத்தான் ஊசி கூடத் தேவை."

மனைவி என்னைப் பார்த்தாள். சுவரில் கை கழுவும் முறை ஒட்டியிருந்தது. அதை முழுவதும் படித்தேன்.

அம்மை வராமலிருக்க மகளை வார்டில் வைத்து மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் தினமும் அவள் முதுகைப் பார்த்தோம். ஒவ்வொரு நுளம்புக் கடியையும் கொப்புளமோ என்று நான் தடவிப் பார்த்தேன். அம்மை வரவில்லை. ஏற்பு ஊசியையும் போட்டுக்கொண்டோம்.

நோய் அடங்கி, மாத்திரையை நிறுத்திச் சில மாதம் போனதும் டொக்டர் கூப்பிட்டார். "இப்ப அம்மை ஊசி போடலாம், மூண்டு மாசத்தில இன்னுமொண்டு. திரும்ப மாத்திரை தொடங்கினா ஏலாமப் போகும்."

"ஊசியால கிட்னி வருத்தம் திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம், வராமலும் விடலாம். அம்மை வந்தா இதைவிட மோசம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிச்சி முடிச்சதும் எழுப்புங்கப்பா" என்று மகள் அங்கிருந்த நீள மர வாங்கில் சாய்ந்தாள். மனைவி அவளை எழுப்பிச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

ஊசி போட்ட பத்தாம் நாள் வீட்டில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கிப் பார்த்தபோது வெள்ளையாகத் திரண்டது. புரதம். நோய் திரும்பும்போது அப்படித்தான் திரளும். அந்த வாரம் வீட்டில் யாரும் ஊசி என்ற சொல்லைச் சொல்லவில்லை. பிறகு அது தானாகவே தெளிந்தது. ஊசியாலா, அப்போது மூக்கொழுகிய தடிமனாலா என்று கேட்டேன். தெரியாது என்றார் டொக்டர். அவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, தேத்தண்ணி குடிக்கும்போது மகள் கையில் பஞ்சு ஒட்டியிருந்ததைக் கண்டேன். இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லிக்கிட்டு இருந்தா பஸ் போயிருமுங்க" என்றாள் மனைவி.

இந்தத் தடவை சிறுநீர் தெளிவாகவே இருந்தது. நான் ஒரு மாதம் தினமும் சூடாக்கிப் பார்த்தேன்.