கன்னிகா எழுதிக் கொடுத்த ஏழு வீடுகள்

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பாலசமுத்திரத்தில் பால் கேந்திரம் நடத்தும் கன்னிகாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பாலில் எனக்குத் தெரியாதது இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினான்கு வயதில் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு, மலையைச் சுற்றித் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பள்ளிப்பட்டுக்கு மிதித்தேன். இன்று என் பெயரில் ஆறு பால் வண்டிகள் ஓடுகின்றன. திருப்பதியில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. 'வேங்கடாசலம்' என்று தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் என்ன வெட்டியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நீளமாக இருக்கிறது, அதனால் சரியாகத்தான் இருக்கும்.

கன்னிகா நகரிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர் சிட்டிபாபுவைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வயதில் வந்தாள். பத்தாவதில் கணக்கில் பெயில். பதினைந்து வருடமாக நூற்றுப் பத்து வீட்டுப் பாலை விடியற்காலையிலும் சாயங்காலமும் அவள்தான் அளக்கிறாள். மிஷினில் ஒரு சொட்டு விட்டால் கொழுப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று காட்டும். மற்ற கேந்திரங்களில் அந்த எண்ணை எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். இவள் மறக்கமாட்டாள். எந்த வீட்டுப் பால் போன மாசியில் எப்படி இருந்தது என்று கேட்டாலும் சொல்லுவாள்.

மாட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக நினைப்பவன் அதை யாரிடமும் சொல்லமாட்டான். ஆனால் விற்கப் போகிற மாட்டுக்கு எதற்குச் செலவு என்று முதலில் புண்ணாக்கை நிறுத்துவான். பால் இளைக்கும். இரண்டு மூன்று மாதத்தில் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். இதைக் கன்னிகா யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தாள். ஒருமுறை வரிசையில் நின்ற ஒருவனிடம், "இன்னா மாமா, மாட்ட எந்தச் சந்தைக்கு ஓட்டப் போற?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற அவன் பெண்சாதிக்கே அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

போன வருடம் ஐப்பசியில் டெய்ரியிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. சாயங்காலப் பால் டெய்ரிக்குப் போய்ச் சேருவதற்குள் வெயிலில் திரிந்துவிடுகிறது. ஊரிலேயே பாலைக் குளிரவைக்கும் பெட்டி ஒன்று இருந்தால் சரி. இல்லையென்றால் சித்திரை முதல் தேதியிலிருந்து சாயங்காலப் பால் எடுக்கப்படாது. ஒரு வேளைப் பாலை மட்டும் வைத்துக்கொண்டு எவனும் மாடு வளர்க்க முடியாது. சிட்டிபாபு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். பெட்டி வராவிட்டால் சித்திரையில் குடும்பத்தோடு கிளம்புவது என்று பேச்சு. ஆகவே அந்தப் பெட்டி ஊருக்கு ஒரு சாமான் என்றால், கன்னிகாவுக்கு ஊரில் இருப்பதா, போவதா என்பதே அதுதான்.

இங்கேதான் என் கட்டடம் கதைக்குள் வருகிறது. நடு மாடியில் 'அடிவானம்' என்று ஓர் அறக்கட்டளை குடியிருக்கிறது. ஐரோப்பாப் பணம். உலகத்தில் எந்த ஊருக்கு ஐந்து வருடம் கழித்து, பத்து வருடம் கழித்து என்ன தேவைப்படும் என்று இன்றைக்கே கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அடிவானத்தைப் பார்க்கிறவர்கள் ஆயிற்றே என்று மொட்டை மாடியையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏசி குளிர் போய்விடும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டார்கள்.

அதற்குப் பொறுப்பு விஷ்ணுவர்தன். திருமலையில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்கிற குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் படித்தவன். நல்ல பையன், வாடகை தேதி தப்பாது. அவன் அறைச் சுவர் முழுக்க ஒரு திரை. அதில் உலகப்படம். ஆப்பிரிக்காவில் கொஞ்சம் சிவப்புப் புள்ளி, நேபாளத்தில் கொஞ்சம். ஒருநாள் வாடகை விஷயமாக மேலே போனவன், ஆந்திராவின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். எங்கள் பாலசமுத்திரம். உலகப்படத்தில் என் ஊர் வந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படியே பெட்டியைக் கேட்டுவிடலாம் என்று மறுநாளே கன்னிகாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சும்மா வரவில்லை அவள், பாலின் எண்கள் எழுதிய நோட்டுகளை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

"இந்தச் சேப்பு இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டாள்.

"உக்காருங்கோக்கா. உங்க ஊர்லேர்ந்து தினம் சாயங்காலம் ஆறுக்கு மேல அறுநூறு பேர் ஸ்டேட் பார்டர் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போறா. கார்த்தால திரும்பறா. மூணு வருஷ டேட்டா. இப்படியே போனா 2031-ல ஊரே காலி."

"யாரு போறாங்க?"

"போன் எந்த டவர்ல இருக்குங்கறத வெச்சுப் பார்க்கறோம். அறுநூறு போன் போறது."

கன்னிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆறு மணிக்கு எங்கூரு டவருக்குக் கரண்டு பூடும் சார். போனெல்லாம் மலைக்கு அந்தாண்ட பள்ளிப்பட்டு டவரப் புடிச்சிக்கும். ஆளுங்க வூட்ல குந்திக்கினு சோறு துன்னுவாங்க."

"நாங்களும் சந்தேகப்பட்டோம். அதனாலதான் நேர்லயும் சர்வே எடுத்தோம்." விஷ்ணுவர்தன் ஒரு பட்டனைத் தட்டினான். எங்கள் தெருப் பொன்னியம்மாளின் குரல் கேட்டது. "நாங்க ஆறு மணி வரைக்கும்தான் ஆந்திராகாரங்க. அப்பால தமிழ்நாடுதான். காலைல வந்து பாரு, திரும்பி இருப்போம்." பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தமும் இருந்தது.

செல்போனில் 'தமிழ்நாடு உங்களை வரவேற்கிறது' என்று தினமும் சாயங்காலம் வருவதை வைத்து ஊரில் எல்லாரும் சொல்லும் வேடிக்கை அது. சர்வே எடுத்த பெண் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'ஆம்' என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள். சிரிப்பைக் குறிக்க அதில் கட்டம் இல்லை. போதாததற்கு, பெண் கொடுத்து எடுத்ததில் எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கமும் ஒரு விலாசம் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

"இப்ப இன்னா செய்யப் போறீங்க?" என்றேன்.

"இடம்பெயர்றவா ராத்திரி தங்க ஒரு கட்டடம் சார். நாற்பது படுக்கை."

"எங்கூர்லியா?"

"ஆமா. நடுவுல."

சொந்த ஊரில் சொந்த வீட்டுக்குப் பக்கத்தில் அகதியாகப் படுத்துக்கொள்ள நாற்பது கட்டில். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னிகா பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டாள்.

"சார், போறவங்க இருக்காங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா அறுநூறு பேரு இல்ல. ஏழு வூடு. பால் எளச்சிக்கினே வருது பாருங்க. தை முடியறதுக்குள்ள பூட்டிக்கினு பூடுவாங்க. சாயங்காலப் பால் நிக்கப் போவுதுன்ற பயம்தான். கட்டிலு வேணாம். அந்த ரூபாய்ல பால் குளிர்ற பொட்டி ஒண்ணு குடுங்க, மத்தவங்க நின்னுக்குவாங்க."

விஷ்ணுவர்தன் நோட்டைப் புரட்டினான். "இது கையெழுத்து. சிஸ்டம் எடுத்துக்காது. ஏழு வீடுங்கறது சாம்பிள் ரொம்பச் சின்னது."

"ஊரே சின்னதுதான் சார்."

அவன் யோசித்தான். படித்தவன்தானே, ஒரு பரீட்சை வைத்தான். அவர்கள் கணக்குப்படி தை முடிவதற்குள் போகக்கூடிய நாற்பத்து மூன்று வீடுகளின் பட்டியல் ஒன்று. கன்னிகாவின் ஏழு வீடுகள் ஒன்று. தை கடைசியில் நேரில் வந்து எண்ணிப் பார்ப்பது. தொண்ணூறு சதவீதம் சரியாக வந்தால் அவள் சொல்வதை ஐரோப்பாவுக்கு எழுதுவது.

அவள் அங்கேயே உட்கார்ந்து ஏழு பெயர்களையும் எழுதினாள். ஏழாவதைப் பார்த்துவிட்டு நான் நிமிர்ந்தேன். சிட்டிபாபு என்று இருந்தது.

"ஏம்மே, உன் வூட்டயே எழுதிக்கினு இருக்கிற?"

"எங்க மாட்டுக்கும்தான் அவரு புண்ணாக்க நிறுத்திட்டாரு மாமா. அடுத்தவங்க பாலு மட்டும் நெசம், எம் பாலு பொய்யா?"

என் அறுபத்தெட்டு வயதில் ஆயிரம் பேரோடு வியாபாரம் பண்ணியிருக்கிறேன். தன் வீட்டுப் பாலைத் தானே குறைத்து எழுதின ஆளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானே எழுதியிருக்கமாட்டேன்.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை என் காரிலேயே விஷ்ணுவர்தனை அழைத்துப் போனேன். முதலில் அவர்கள் பட்டியல். அதில் முதல் பெயர் பொன்னியம்மாள், ஏனென்றால் அவள் வீட்டில் ஏழு போன்.

"இன்னாபா, நான் கீறனா பூட்டனான்னு பாக்க வந்தியா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நாலு பசங்கள இங்கதான் பெத்தேன், சாவறதும் இங்கதான். எழுதிக்க."

நாற்பத்து மூன்றில் இரண்டு வீடுகளில்தான் பூட்டு இருந்தது. அந்த இரண்டும் கன்னிகாவின் பட்டியலிலும் இருந்தவை. அவள் பட்டியலில் வரிசையாக ஆறு வீடுகளில் பூட்டு. ஆறாவது வீட்டுத் தொழுவத்தில் முளைக்குச்சி மட்டும் நின்றது. ஏழாவது வீட்டுக் கதவைத் தட்டினோம். கன்னிகா திறந்தாள். பின்னால் பாதி கட்டின மூட்டைகள் இருந்தன.

விஷ்ணுவர்தன் முகம் தொங்கிவிட்டது. "இருக்கேளாக்கா?"

"இருக்கக் கூடாதா சார்?"

"ஆறு சரி, ஒண்ணு தப்பு. எண்பத்தஞ்சு சொச்சம்தான் வர்றது. நீங்க போயிருந்தா நூறு வந்திருக்கும்."

"சித்திர வரைக்கும் பாக்கலாம்னு நாந்தான் அவர நிறுத்தி வெச்சேன். தப்புன்னு போட்டுக்குங்க. ஒரு மணி நேரம் பூட்டிக்கினு தோட்டத்துல ஒளிஞ்சிக்கினு இருந்திருக்கலாம். எனக்கு அது வராது."

பத்து நாளில் அறிக்கை வந்தது. விஷ்ணுவர்தன் எனக்குத் தமிழில் சொன்னான். அடிவானம் கணித்த நாற்பத்து மூன்று குடும்பங்களில் நாற்பத்தொன்று ஊரைவிட்டுப் போகவில்லை. ஆகவே அடிவானம் முன்கூட்டியே கவனம் செலுத்தியதால் நாற்பத்தொரு குடும்பங்களின் இடப்பெயர்வு தடுக்கப்பட்டது. பாலசமுத்திரத்துப் புள்ளி பச்சையாகிவிட்டது. கட்டில் வராது என்பது நல்ல சேதி. பெட்டியும் வராது.

இந்த மாதிரி ஒரு கணக்கை நான் ஐம்பது வருடத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்தால் இன்று திருப்பதியில் மூன்று கட்டடம் வைத்திருப்பேன். பெய்யாத மழையை நான்தான் நிறுத்தினேன் என்று குடை விற்றிருப்பேன்.

கன்னிகா மறுபடி என் நடு மாடிக்கு வந்தாள். இந்த முறை நோட்டு இல்லை.

"பொட்டி ஏன் சார் ஆவாது?"

அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "அக்கா, எங்க பணம் வரப்போற தேவைக்குத்தான். குறைஞ்சது அஞ்சு வருஷம் தள்ளி இருக்கணும். நீங்க கேக்கறது சித்திரைல வேணும். உங்க தேவை ரொம்பக் கிட்டக்க இருக்கு."

நான் எழுந்துவிட்டேன். கன்னிகா எழுந்திருக்கவில்லை. சுவரில் இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டிக் கேட்டாள்.

"2031-ல எங்கூர்ல மாடு இருக்குமா சார்?"

"இருக்கலாம்."

"வெயிலு?"

"அது நிச்சயம். ஒண்ணரை டிகிரி கூடும்."

"அப்ப 2031-ல பாலு இன்னும் சீக்கிரமா திரியும் இல்ல? அப்ப எங்களுக்குப் பொட்டி வேணும்னு எழுதுங்க. பொட்டி மட்டும் இப்பவே வந்து குந்தட்டும். வெல ஏறிடும்ல."

விஷ்ணுவர்தன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மடிக்கணினியைத் திறந்தான். தேவை வருவதற்கு முன்பே பொருளைக் கொண்டுபோய் வைப்பதற்கு அவர்களிடம் ஒரு தனிப் பெயரும், தனி விண்ணப்பமும் இருக்கிறதாம். அதுவரை யாரும் அதைக் கேட்டதே இல்லையாம். பன்னிரண்டு நாளில் ஐரோப்பாவிலிருந்து சம்மதம் வந்தது. கூடவே பாராட்டும் வந்தது.

பங்குனி கடைசியில் ஐந்நூறு லிட்டர் பெட்டி லாரியில் வந்து இறங்கியது. இறக்குக் கூலி நான் கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை. மூடியின் குறுக்கே சிவப்பு ஒட்டுச்சீட்டு. அதில் மூன்று மொழியில், '2031 ஜனவரி வரை பிரிக்கக் கூடாது.' சிட்டிபாபு பாலசமுத்திரத்து லைன்மேனைக் கூட்டிவந்து, ஆறு மணிக்கு நிற்காத வேறு லைனிலிருந்து மும்முனை மின்சாரம் இழுத்தான். கையில் ஸ்பேனரோடு நின்றவன், "சீட்டக் கிழிச்சா கேஸு போடுவானா?" என்று கன்னிகாவைக் கேட்டான்.

"கிழிக்காத. சுடுதண்ணி காட்டு, அதுவே வரும்."

சித்திரை ஒன்றாம் தேதி சாயங்காலம் நாலரைக்கு வரிசை நின்றது. நூற்று நாலு வீட்டுப் பால். ஆறரைக்கெல்லாம் பெட்டியின் முள் நாலு டிகிரிக்கு வந்துவிட்டது. என் வண்டி அடுத்த நாள் காலையில் வந்து எடுத்துக்கொண்டு போனது. ஒரு கேன்கூடத் திரும்பவில்லை. சிட்டிபாபு ஸ்ரீபெரும்புதூருக்குப் போன் போட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அன்றே புத்தூருக்குப் போய் இரண்டு மூட்டைப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு வந்தான்.

மாதம் ஒருமுறை விஷ்ணுவர்தன் கன்னிகாவைப் போனில் கூப்பிடுகிறான். ஐரோப்பாவுக்கு எழுத வேண்டுமாம். போன வாரம் நான் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, அந்த சீல் பத்திரமா இருக்கோன்னோ?"

"பத்திரமா கீது சார். எங்க வூட்டு பீரோல வெச்சிக்கீறேன்."

அந்தப் பக்கம் அவன் அதை மடிக்கணினியில் தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "வெயில் படாம பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தான்.