ஜெனரேட்டர் வேண்டாம் என்று சொன்ன நாள்

எங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் சூரிய மின்தகடுகள் வைத்த வருடம், அவற்றைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பியூனுக்கு அது பெரிய பதவி. டில்லிப் புழுதி ஒரே நாளில் படிந்துவிடும். தினமும் வாளியும் துணியுமாக ஏறுவேன். தகடுகளின் கரண்ட் வெளி லைனோடு சேர்ந்துதான் ஓடுகிறது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: வெயில் இருந்தால் கரண்ட் இருக்கும்.

அந்த மே மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் ஹாலை ஊழியர்களின் விசேஷங்களுக்குக் கொடுப்பார்கள். டில்லியில் விசேஷம் என்றால் முதலில் ஜெனரேட்டருக்குச் சொல்லிவிட்டுத்தான் சமையல்காரருக்குச் சொல்வது. மாப்பிள்ளையின் அப்பா மோதி பாக்கில் இருந்தார். கம்பம் ஏறும் லைன்மேன். அவர் எதிரில் எனக்கு வாயே திறக்காது. நிச்சயத்துக்கான ஏற்பாடு பேசிய அன்று எப்படியோ திறந்துவிட்டது.

"ஜெனரேட்டர் வேண்டாங்க. மாடியில சூரியன் இருக்கு."

"பகல்ல எல்லார் மாடியிலயும் அதானே இருக்கு?" என்று சிரித்தார். "சரி, உங்க பொறுப்பு."

நிச்சயத்தன்று, பெரியவர் ஒருவர் லக்னப் பத்திரிகை வாசிக்க எழுந்த நேரம் கரண்ட் போனது. மின்விசிறிகள் எல்லாம் நின்றன. மாடிக்கு ஓடினேன். கொளுத்தும் வெயிலில் தகடுகள் பளபளத்தன. இன்ஜினியருக்குப் போன் போட்டேன். லைன் போனால் இதுவும் தானாக நின்றுவிடும் என்று இந்தியில் சொல்லி, காரணத்தையும் சொன்னார்.

கீழே எல்லோரும் தாம்பாளத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என் பக்கமே திரும்பவில்லை.

"என்ன சம்பந்தி, சூரியனுக்கு இன்னைக்கு லீவா?" மாப்பிள்ளையின் அப்பா கேட்டதும் சபையே சிரித்தது.

"லைன்ல கரண்ட் இல்லேன்னா இதுவும் நின்னுடுமாம். இல்லேன்னா நம்ம கரண்ட் வெளி லைனுக்குப் போயிடுமாம். கரண்ட் இல்லேன்னு நம்பி கம்பத்துல ஏறினவரை அது அடிச்சிடுமாம்."

சபையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

அவர் சிரிப்பு நின்றது. ஜிப்பாக் கையை மடக்கி ஒரு தழும்பைக் காட்டினார். "எவனோ ஜெனரேட்டரைத் தப்பா மாட்டி வெச்சான். செத்த லைன்னு நம்பித் தொட்டேன், விழுந்தேன். உங்க சூரியன் நின்னது ரொம்பச் சரி. வேர்த்தா வேர்க்கட்டும், பத்திரிகையை வாசிங்க."

தட்டு மாற்றினோம். பந்தி நடக்கும்போது மின்விசிறிகள் சுழல ஆரம்பித்தன; குழந்தைகள், "லைட் ஆ கயீ!" என்று கத்தினார்கள்.

"மாடியில உங்க ஆளும் வந்தாச்சா?" என்றார் சம்பந்தி.

"லைன் நிலையா இருக்கான்னு அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுத்தான் வருவாராம்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, எங்களுக்கே இவ்வளவு பிகு இல்லையே!" என்று சொல்லி, பரிமாறிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்.